உரத்தொட்டிப் புழு வேறு, நிலத்துப் புழு வேறு

மண்புழுக்கள் எல்லாமே மண்ணைத் தின்று வாழ்பவை அல்ல. அவை வாழும் ஆழத்தையும் உண்ணும் உணவையும் வைத்து, பிரெஞ்சு ஆய்வாளர் மார்செல் பூஷே 1970-களில் மூன்று கூட்டங்களாகப் பிரித்தார். முதல் கூட்டம் நிலத்தின் மேற்பரப்பில், சருகுக்கும் சாணத்துக்கும் அடியில் வாழ்கிறது. மக்கும் பொருளைத் தின்கிறதே தவிர வளை தோண்டுவதில்லை. இரண்டாவது கூட்டம் மண்ணுக்குள்ளேயே கிடந்து, மண்ணை விழுங்கி அதில் கலந்திருக்கும் மக்கைச் செரித்துக்கொண்டு, பக்கவாட்டில் துளைத்துச் செல்கிறது. மூன்றாவது கூட்டம் செங்குத்தாக ஆழமான வளை தோண்டி, இரவில் மேலே வந்து இலைகளை உள்ளே இழுத்துச் செல்கிறது. மண்புழு உரம் தயாரிக்கப் பயன்படுவது முதல் கூட்டம். தோட்டத்து மண்ணைப் பொலபொலப்பாக்குவது மற்ற இரண்டும். இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் காசு கொடுத்து வாங்கிய உரப்புழுவைப் பூந்தொட்டி மண்ணில் விட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்துத் தேடுகிறார்கள். சருகும் சாணமும் இல்லாத, வெயிலில் காயும் தொட்டி மண்ணில் அந்தப் புழுவுக்குச் சாப்பாடும் இல்லை, நிழலும் இல்லை. ஒன்று வெளியேறும், இல்லாவிட்டால் செத்துப்போகும்.

உரத்துக்கென்று இந்தியாவில் பரவலாக வளர்க்கப்படும் இனங்கள் மூன்று. செம்மேனியில் மஞ்சள் வரிகள் கொண்ட ஐசீனியா ஃபெட்டிடா குளிர்ப்பகுதிப் புழு. 15 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நன்றாக வளரும். கையில் எடுத்து அழுத்தினால் நாற்றமடிக்கும் திரவத்தைக் கசியவிடும். ஃபெட்டிடா என்ற லத்தீன் பெயரே அந்த நாற்றத்தால் வந்ததுதான். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களுக்கு அது பொருந்தும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ் யூஜினியே சமவெளிக்கு ஏற்றது. 25 முதல் 30 பாகையில் வேகமாகத் தின்று வேகமாகப் பெருகும், குளிர் தாங்காது. மூன்றாவதான பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் இந்தியாவுக்குச் சொந்தமானது. மெலிந்த உடல், வெளிச்சம் பட்டால் முதுகில் நீலமும் ஊதாவுமாக ஒரு மினுமினுப்பு. குப்பைமேட்டிலும் சாணக்குழி ஓரத்திலும் தானாகவே கிடைக்கும். மழை பெய்யும் இரவில் கூட்டமாகத் தொட்டியை விட்டு ஏறி வெளியேறும் குணம் இதற்கு உண்டு என்பதால் வளர்ப்பவர்கள் சற்று அஞ்சுவார்கள்.

மண்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகும் என்று பள்ளிப் பிள்ளைகள் நம்புவதுண்டு. பெரும்பாலான இனங்களில் இது பொய். தலைப்பகுதி பிழைத்து வால் முளைக்கலாம், வால்பகுதி மடிந்துவிடும். ஆனால் இழந்த தலையையும் வாலையும் மீட்டு வளர்ப்பதில் பெரியோனிக்ஸ் பேர்பெற்றது. உறுப்பு மீளாக்க ஆய்வுகளில் அதைப் பயன்படுத்துவதும் அதனால்தான். பிள்ளைகளின் நம்பிக்கை முழுக்கத் தவறில்லை என்றாகிறது.

வெளிநாட்டுப் புழுவைக் கொண்டுவர வேண்டியதே இல்லை என்ற கருத்தும் தமிழ்நாட்டில் வலுவாக உண்டு. சென்னை நியூ கல்லூரியில் பணியாற்றிய மண் உயிரியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில், உள்ளூர் இனங்களான பெரியோனிக்ஸையும் லாம்பிட்டோ மௌரிட்டியையும் கொண்டே உரம் தயாரிக்கும் முறையை நெடுங்காலம் பரப்பியவர். லாம்பிட்டோ, பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் பாடநூலில் மாணவர்கள் படிக்கும் அதே புழுதான். அது மண்ணில் வளை தோண்டும் இனம். ஆகவே அதை வளர்க்கும் தொட்டியின் அடியில் ஒரு படுகை மண் இருந்தாக வேண்டும்.

புழு செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள அதன் குடலைப் பார்க்க வேண்டும். புழுவுக்குப் பல் இல்லை. மென்மையாகிப்போன கழிவை வாயால் உறிஞ்சி உள்ளே இழுக்கிறது. தொண்டையைத் தாண்டி வரும் தசைப்பிடிப்பான அரைவைப்பையில், கூடவே விழுங்கிய மணல் துகள்கள் அம்மிக்கல்லாக வேலை செய்கின்றன. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் அதன் துகளும் இதற்கு உதவும். அரைபட்ட கூழ் சில மணி நேரத்தில் குடலைக் கடந்து வெளியேறுகிறது. அதற்குள் கழிவு முழுதும் செரித்துவிடுவதில்லை; புழு எடுத்துக்கொள்வது ஒரு சிறு பங்குதான். கழிவை உண்மையில் சிதைப்பவை பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும். புழு பொருளை நுணுக்கி அவை தொற்றுவதற்கான பரப்பைப் பெருக்குகிறது, கோழையால் ஈரப்படுத்துகிறது, காற்றுப்போக வழி செய்கிறது. பதிலுக்கு அந்த நுண்ணுயிரிகளில் ஒரு பகுதியைத் தானே உண்கிறது. எச்சம் வெளியேறிய பிறகும் அதில் நுண்ணுயிரிகளின் வேலை வாரக்கணக்கில் தொடரும். ஆகவே புழுத்தொட்டி என்பது அளவில் பெரும்பாலும் நுண்ணுயிரித் தொட்டிதான். அதில் புழுவின் பங்கு மாவரைக்கும் இயந்திரத்துடையது.

தொட்டி பராமரிப்பின் விதிகள் அத்தனையும் புழுவின் தோலிலிருந்து பிறக்கின்றன. நுரையீரல் இல்லாத அது தோலால் மூச்சுவிடுகிறது. ஈரமான தோல் வழியாக மட்டுமே ஆக்சிஜன் உள்ளே கரைய முடியும். காய்ந்தால் மூச்சு நிற்கும். தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்தாலும் நிற்கும். உப்பு, காரம், எண்ணெய் எல்லாம் அந்த மெல்லிய தோலையே முதலில் தாக்குகின்றன. கண் இல்லாவிட்டாலும் ஒளியை உணரும் செல்கள் தோலில் உண்டு. வெளிச்சம் பட்டதும் கீழே இறங்கிவிடுவது அதனால்தான். அதிர்வும் அதற்கு ஆகாது. மோட்டார் அறைக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் பக்கத்தில் தொட்டி வைக்கக் கூடாது.

தொட்டி எதுவாகவும் இருக்கலாம்: பழைய பிளாஸ்டிக் வாளி, வாய் அகன்ற மண்பானை, கிணற்று உறை, தார்ப்பாய்ப் பை. புதிய சிமென்ட் உறையாக இருந்தால் இரண்டு மூன்று முறை நீர் நிரப்பிக் கொட்டிச் சுண்ணாம்புக் காரத்தைப் போக்கிவிட வேண்டும். ஒன்றரை அடி ஆழம் போதும். மேல்மட்டப் புழுக்கள் ஆழத்தில் வேலை செய்யாதவை என்பதால் ஆழத்தைக் காட்டிலும் அகலமே பயன்தரும். அடியில் நீர் வடிய ஓட்டைகள், அதன் மேல் இரண்டு அங்குலத்துக்கு உடைகல் அல்லது தேங்காய் மட்டைத் துண்டுகள், அதன் மேல் நனைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவும் சருகும், அதற்கும் மேல் பத்துப் பதினைந்து நாள் பழசான சாணம். நார்க்கழிவில் உப்பு இருக்கும். நீரில் அலசிவிட்டே போட வேண்டும். பச்சைச் சாணத்தை அப்படியே போடுவது புழுவைக் கொல்லும் வழி. புதுச் சாணமும் புதுக் குப்பையும் குவிந்தால் நுண்ணுயிரிகளின் வேகத்தில் உள்வெப்பம் 50 பாகையைத் தாண்டிப் போகும், அம்மோனியாவும் கிளம்பும். அந்தச் சூடு வெளியே தணிந்த பிறகே புழுவை விடுவது வழக்கம். கடைசியாக மேலே ஒரு நனைத்த கோணிச்சாக்கு.

எத்தனை புழு வேண்டும்? நல்ல நிலையில் உள்ள புழு ஒரு நாளில் தன் எடையில் பாதி அளவு உண்ணும் என்பது பொதுவான கணக்கு. நாளுக்கு அரைக் கிலோ காய்கறிக் கழிவு விழும் வீட்டுக்கு ஒரு கிலோ புழு, அதாவது ஏறத்தாழ ஆயிரம், வேண்டியிருக்கும். கால் கிலோவில் தொடங்கினாலும் பரவாயில்லை. தீனிக்கும் இடத்துக்கும் ஏற்ப அவை தாமே பெருகிக்கொள்ளும். ஒவ்வொரு புழுவுக்குள்ளும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டு. இரண்டு புழுக்கள் இணைந்து விந்தைப் பரிமாறிக்கொண்டபின் இரண்டுமே முட்டைக்கூடு இடும். கழுத்துப்பக்கம் தடித்த வளையப் பட்டை தெரிந்தால் அது வளர்ந்த புழு. அந்தப் பட்டையில் சுரக்கும் பொருளே இறுகி, கடுகைவிடச் சற்றுப் பெரிய, எலுமிச்சை வடிவக் கூடாகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அது பொரிக்கும். வெண்ணிற நூல்போல ஆயிரக்கணக்கில் நெளிபவற்றைக் குட்டி மண்புழு என்று நினைத்து மகிழ்பவர்கள் உண்டு. குட்டி மண்புழுவின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் இருப்பதால் அதன் உடல் வெளிர் சிவப்பாகத் தெரியும். வெள்ளைவெளேர் என்றிருப்பவை வேறு குலத்து நுண்புழுக்கள். தொட்டி புளித்து ஈரம் மிஞ்சியதற்கு அவை அடையாளம்.

தமிழ்நாட்டுச் சமையலறையின் கழிவில் புழுவுக்கு மிகவும் பிடித்தவை பழத்தோல்கள். வாழைப்பழத் தோலும் பூசணி, தர்பூசணி உட்சதையும் போட்ட இடத்தில் புழு மொய்க்கும். கீரைத்தண்டு, காய்கறித் தோல், டீத்தூள், காபிச் சக்கை ஆகியவையும் நல்ல தீனியே. முருங்கைக்காய்ச் சக்கையும் கறிவேப்பிலை ஈர்க்கும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். தீங்கில்லை, சல்லடையில் தங்கினால் திரும்பப் போட்டுவிடலாம். புளிச்சக்கை, எலுமிச்சைத் தோல், வெங்காயம், பூண்டு இவற்றைக் கொஞ்சமாக, அங்கங்கே பரப்பிப் போடலாம். குழம்பு கலந்த சோறும் ஊறுகாயும் ஆகவே ஆகாது. அவற்றின் உப்பும் எண்ணெயும் போதும், ஒரே இரவில் புழு தொட்டிச் சுவரில் ஏறிவிடும். இறைச்சியும் மீனும் புழுவுக்குத் தீனியாகலாம். ஆனால் எலியும் பெருச்சாளியும் முந்திக்கொள்ளும்.

காய்கறிக் கழிவு மட்டும் போட்டால் தொட்டி சேறாகும். அதில் தழைச்சத்தும் நீரும் மிகுதி, கரிமம் குறைவு. கரிமம் தழைச்சத்தைப் போல 25, 30 மடங்கு இருப்பது நல்லது. கணக்குப் போட வேண்டியதில்லை: ஒரு கிண்ணம் பச்சைக் கழிவுக்கு ஒன்றிரண்டு கிண்ணம் உலர்ந்த சருகு, கிழித்த அட்டைப்பெட்டி, செய்தித்தாள் துண்டு என்று சேர்த்தால் போதும். ஈரத்துக்கும் ஒரு கைச்சோதனை உண்டு. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், சொட்டே இல்லாவிட்டால் குறைவு. எறும்பு வருவது பெரும்பாலும் படுகை காய்ந்ததால்தான். தொட்டியை நான்கு கால் வைத்துத் தூக்கி, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது பழைய பலகாரப் பெட்டி உத்தி. இங்கும் அது பலிக்கும். அழுகிய நாற்றம் வந்தால் தீனியை நிறுத்தி, சருகு கலந்து கிளறிவிட வேண்டும். தடித்த, பழுப்பு நிற, வரிவரியான புழுக்கள் திடீரென்று தோன்றினால் அவை படைஈயின் இளம்புழுக்கள். பார்க்க அருவருப்பாக இருக்குமே தவிர அவையும் கழிவைத் தின்பவைதான். மண்புழுவோடு தீனிக்குப் போட்டியிடும், அதைக் கடிக்காது.

இவை எல்லாவற்றையும் விடக் கடினம் வெயில். மாடித் தோட்டம் வைத்திருப்பவர் தொட்டியையும் மாடியிலேயே வைக்க நினைப்பது இயல்பு. ஆனால் சித்திரை, வைகாசியில் கான்கிரீட் தளம் உமிழும் சூட்டில் தொட்டியின் உள்வெப்பம் எளிதில் 35 பாகையைத் தாண்டும். யூட்ரிலஸ் தாங்கும் எல்லை அதுதான். படிக்கட்டுக்கு அடியிலோ வடக்குப் பார்த்த பால்கனியிலோ தொட்டியை வைத்துவிட்டு, விளைந்த உரத்தை மாடிக்குச் சுமப்பதே மேல். நீர் கசிந்து ஆவியாகிக் குளிரும் மண்பானை இந்தக் காலத்தில் பிளாஸ்டிக்கை விட நல்ல வீடு.

ஒன்றரை, இரண்டு மாதத்தில் மேல்படுகை கருத்து, டீத்தூள் போல் உதிரியாகி, மழை பெய்த மண்வாசனை அடிக்கும். ஓரிரு நாள் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, உரத்தை வெளிச்சத்தில் கூம்பாகக் குவித்தால் புழுக்கள் அடிக்கு இறங்கிவிடும். மேலிருந்து வழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் புழுப் பந்து ஒன்று மிஞ்சும். உரத்தை வெயிலில் காயவைக்கக் கூடாது. அதில் உயிருள்ளது பாதி போய்விடும். நிழலில், தொட்டால் சற்றே ஈரம் தெரியும் பதத்தில் சாக்கில் வைக்க வேண்டும். இந்த முறையில் கழிவு சூடேறி வேகாததால் விதைகள் சாவதில்லை. தக்காளி, பூசணி, பப்பாளிக் கன்றுகள் கேட்காமலே ரோஜாத் தொட்டியில் முளைப்பது இதனால்தான்.

இந்த உரத்தைப் பற்றிய விளம்பரங்கள் அதன் சத்தை ஊதிப் பெருக்குகின்றன. தழைச்சத்து வழக்கமாக 0.5 முதல் 1.5 சதவீதம்தான் இருக்கும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் அதைவிடக் குறைவு. ஒரு சதவீதத் தழைச்சத்துள்ள உரம் ஒரு கிலோவில் 10 கிராம் இருக்கும். 46 சதவீதத் தழைச்சத்துள்ள யூரியா 22 கிராமிலேயே அவ்வளவும் உண்டு. எடைக்கு எடை ஒப்பிட்டால் மண்புழு உரம் தோற்றுப்போகும். அதன் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. கோழையும் மக்கும் சேர்ந்து துகள்களை உருண்டைகளாக ஒட்டுவதால் தொட்டி மண்ணில் நீரும் நிற்கும், காற்றும் புகும். தழைச்சத்து பெருமளவு நைட்ரேட் வடிவில், வேர் உடனே எடுக்கும் பக்குவத்தில் இருக்கிறது; மீதி மெல்ல மெல்ல விடுபடுகிறது. மக்கு அமிலங்களும், நுண்ணுயிரிகள் உண்டாக்கும் வளர்ச்சி ஊக்கிகளும் வேரைக் கிளைக்க வைக்கின்றன. சத்தின் அளவை வைத்து எதிர்பார்ப்பதை விடக் கூடுதலாகச் செடி வளர்வதற்கு இவைதான் காரணம் என்று கருதப்படுகிறது.

அந்தக் கூடுதல் பலனும் ஓர் அளவு வரைதான். தொட்டிக் கலவையில் பத்திலிருந்து நாற்பது விழுக்காடு வரை மண்புழு உரம் சேர்த்தபோது நல்ல வளர்ச்சி கிடைத்ததையும், அதற்கு மேல் போனால் பலன் நின்றுவிடுவதையும், சில செடிகள் பின்வாங்கியதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அளவு மிஞ்சினால் கலவையில் உப்பு கூடுகிறது, நீர் வடிவது குறைகிறது. மண், நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சமபங்கு என்று தமிழ்நாட்டு மாடித் தோட்டங்களில் புழங்கும் கலவை இந்த எல்லைக்குள் அடங்குகிறது. நாற்று விடும் தட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். வளர்ந்த செடியுள்ள தொட்டிக்கு மாதம் இரண்டு கைப்பிடி மேலாகத் தூவி, அதன்மேல் சருகு போட்டு மூடினால் வெயிலில் உலராது. கத்தரி, தக்காளி போலக் காய்த்துக்கொண்டே இருக்கும் செடிகளுக்கு இது மட்டும் போதாது. கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த நீரோ வேறு உரமோ கூடத் தேவைப்படும்.

மண்புழு நீர் என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு திரவங்கள் புழங்குகின்றன. கல், மணல், மண், சாணம், வைக்கோல் என்று அடுக்கிப் புழு செழித்த தொட்டியின் மேல் இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக நீர் விழவைத்து, காலையில் அடியில் பிடிப்பது ஒன்று. பத்து மடங்கு நீர் கலந்து இலைகளில் தெளிப்பது இதைத்தான். ஈரம் மிஞ்சிய உரத்தொட்டியின் ஓட்டை வழியே தானாக வடியும் கறுப்புச் சாறு மற்றொன்று. அது பாதி அழுகிய கழிவின் நீர். நிறம் ஏமாற்றும். அதைப் பச்சையாகத் தின்னும் கீரை மேல் தெளிக்கக் கூடாது. வேண்டுமானால் நீர் கலந்து மரத்தடியில் ஊற்றலாம்.

தரையில் தோட்டம் உள்ளவர்களுக்கு இவற்றோடு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. நாங்கூழ் என்று பழந்தமிழ் அழைத்த நிலத்துப் புழுவை வாங்கிவர வேண்டாம், வரவழைக்கலாம். அது நிலத்துக்குச் செய்வதை முதலில் அளந்து காட்டியவர் சார்லஸ் டார்வின். 1837-இல் லண்டன் புவியியல் சங்கத்தில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தவர், நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1881-இல், தம் கடைசி நூலை முழுக்க மண்புழுவுக்கே ஒதுக்கினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேல் மண்ணைப் புழுக்கள் மேலே கொண்டுவருகின்றன என்பது அவர் கணக்கு. வீட்டில் பியானோவின் மேல் புழுத்தொட்டியை வைத்து ஒரு சுரம் வாசிக்கச் செய்து, காற்றில் வரும் ஓசைக்கு அசையாத புழு, அடியில் வரும் அதிர்வுக்கு வளைக்குள் ஓடுவதையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

மண்புழு எங்கேயும் நன்மையே செய்யும் என்று கொள்வதும் தவறு. கடைசிப் பனியுகத்தில் உறைந்து கிடந்த வட அமெரிக்கப் பகுதிகளின் காடுகளில் சொந்தப் புழுவே இருந்ததில்லை. ஐரோப்பியர் குடியேற்றத்தோடும், தூண்டில்காரர்கள் ஏரிக்கரையில் கொட்டிய மிச்சப் புழுக்களோடும் பரவிய இனங்கள் அங்கே தடித்த சருகுப் போர்வையைத் தின்று தீர்த்து, அதில் முளைத்துவந்த சிறு செடிகளை அழித்துவருகின்றன. உரப்புழுவைக் காட்டோரத்தில் கொட்டாதிருப்பதற்கு இது போதிய காரணம்.

நிலத்துப் புழு வருவதற்கு வேண்டியவை மூடாக்கும் ஈரமும் கிளறாத மண்ணும். சருகைக் கூட்டிக் கொளுத்துவதை நிறுத்தி, வாழை, தென்னை, மாமரத்தின் அடியில் நான்கு அங்குலத்துக்குப் பரப்பி, அதன் கீழ் ஒரு கூடை மண்புழு உரமோ மக்கிய சாணமோ போட்டால், வடகிழக்குப் பருவமழை தொடங்கிய சில வாரங்களில் தரையில் சிறுசிறு மண்குவியல்கள் தெரியும். அவை வளைவாயில் புழு தள்ளிய எச்சம். மழை நின்ற மறுநாள் ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழத்துக்குத் தோண்டி, மண்ணைச் சாக்கில் கொட்டி எண்ணிப் பார்ப்பது எளிய அளவை. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதே மரத்தடியில் மறுபடி எண்ணி ஒப்பிடலாம். கோடையில் தோண்டி ஒன்றும் காணோமே என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அப்போது அவை ஈரம் தேடி ஆழத்துக்கு இறங்கி, உடலைச் சுருட்டி முடிச்சிட்டுக்கொண்டு, அடுத்த மழை வரை அசையாமல் கிடக்கும்.